எட்டுத் தளங்களுக்குள் ஓர் ஊற்று

1

அன்று காலை இருந்தவர்கள்: நீமியா, கணினிக்கு எதிரே. தியோலிந்தா, வாசலில் காற்று வரும் பக்கம், காலடியில் சீப்பா ரொட்டிக் கூடை. பஸ் ஓட்டும் கிரிஸ்பின், ஏதோ பழைய பஸ்ஸிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த இருக்கையில். நான், குளிர்நீர்ச் சாடிக்குப் பக்கத்தில். மனு எழுத என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மனுவில் எழுதக்கூடாதவை மிஞ்சிப்போனதால் இந்தக் கதை.

தொடக்கம் சரியாக வரவில்லை. ‘பராகுவேயின் செம்மண் தெருக்களில் வெயில் ஏற ஏற’... வேண்டாம். ‘நீமியாவுக்குச் சிறுவயதிலிருந்தே தண்ணீர் என்றால்’... அதுவும் பொய். நேராகவே சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவின் பதினொரு வீடுகளுக்கும் ஒரே ஊற்று. அதைச் சுற்றி ஒரு பண்ணைக்காரர் முள்வேலி போட்டுவிட்டார். ஊற்று பொது என்பதற்கு வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்குள் ஆதாரம் வேண்டும் என்றது நகராட்சி. தெருக்குழுவின் செயலர் நீமியா.

அன்றுதான் வெள்ளிக்கிழமை.

2

பெரிய தேடுபொறியில் ஊற்றின் பெயரைத் தட்டினால் மனை விளம்பரமும் நீச்சல்குளமும் வந்து நின்றன. எனவே, நாங்கள் நம்பும் தளங்களை மட்டும் துழாவும் தேடுபொறி ஒன்றை நீமியா தானே அமைத்தாள். கேட்கும்போதுதான் மலைப்பு. ஒரு பெயர் வைத்து, தள முகவரிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தால் போதும். பிறகு அது அவற்றுக்கு வெளியே எட்டிப் பார்க்காது.

முகவரிகளைத் திரட்டியது தெரேரே குடிக்கும் வட்டத்தில்; குளிர்நீர் ஊற்றிக் குடிக்கும் எங்கள் ஊர் இலைப் பானம் அது. ஒரே கொம்புக் குவளை கைமாறும். அது யார் கையில் இருக்கிறதோ அவர் ஒரு தளம் சொல்ல வேண்டும். இரண்டு சுற்று, எட்டுத் தளங்கள். அரசிதழ், தேவாலய வானொலி, தியோலிந்தாவின் மூலிகைப் பக்கம் என்று நீண்டது பட்டியல்.

[சந்தேகம்: தியோலிந்தாவை இதுவரை சாதுவாக வைத்திருக்கிறேன். ரொட்டி வாங்க வருகிறவரையே வாங்கு வாங்கென்று வாங்குகிறவள் அவள். திருத்திக்கொள்கிறேன்.]

3

நீமியா ஊற்றின் பெயரைத் தட்டினாள். ஒன்றும் வரவில்லை.

“எத்தன தளம்டி போட்ட?” என்றாள் தியோலிந்தா.

“ஏழு.”

“எட்டுல்ல சொன்னோம்? எண்ணத் தெரியாதவளையா செயலராக்கி வச்சிருக்கோம்?”

“கிரிஸ்பின் அண்ணனோட ஃபுட்பால் கிளப் பக்கத்த விட்டுட்டேன்க்கா. அதுல என்ன இருக்கு? தோத்த கதையும் தொப்பை போட்டோவும்தான்.”

கிரிஸ்பின் குவளையைக் கீழே வைத்தார். “தொப்பையச் சொல்லு தங்கச்சி, தாங்கிக்கறேன். குவளை என் கையில இருக்கப்ப நான் சொன்னத எப்படி விடலாம்?”

“அவன் முறையில ஊத்துன தண்ணிய தரையில கொட்டுன மாதிரி பண்ணியிருக்கியே. போடுடி அத!”

(‘நீமியா வெட்கப்பட்டாள்’ என்று எழுதி அடித்துவிட்டேன். அவள் பயந்தாள். எங்கள் வட்டத்தில் ஒருவர் முறையைத் தாண்டிப் போனவரின் கையிலிருந்து அப்புறம் யாரும் குவளை வாங்கமாட்டார்கள்.)

“தப்புதாண்ணே,” என்று எட்டாவதைச் சேர்த்தாள். மறுபடி தட்டினாள்.

ஒரே ஒரு முடிவு வந்தது.

1971-ஆம் ஆண்டின் கிளப் கூட்டக் குறிப்பு. ஆட்டம் முடிந்து ஆட்டக்காரர்கள் ஊற்றில் கால் கழுவுகிறார்கள் என்று அன்றைய பண்ணைக்காரர் புகார் கொடுத்திருக்கிறார். பதிலாக வந்த நகராட்சித் தீர்மானத்தை, முத்திரையோடு, யாரோ படம் பிடித்துப் போட்டிருந்தார்கள்: மைதானத்துக்கு வடக்கே உள்ள ஊற்று தெருவாசிகள் எல்லோருக்கும் பொது.

“அந்த வருஷம் ஒன்பது கோல் வாங்கினோம்!” என்று கத்தினார் கிரிஸ்பின்.

“கால் கழுவுறதுல ஜெயிச்சிருக்கீங்கடா!” தியோலிந்தா ஒரு சீப்பாவை எடுத்து அவர் வாயில் திணித்தாள். நீமியா இரண்டு கையாலும் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். சாடி தளும்பி என் மனுவின் முதல் பக்கம் நனைந்தது. சந்தோஷமாகத் திரும்ப எழுதினேன்.

4

நகராட்சியின் பதிலுக்கு இரண்டு வரைவு வைத்திருக்கிறேன். ஒன்றில், பிடுங்கிய வேலிக் கம்பியில் தியோலிந்தா துணி காயப்போடுகிறாள். மற்றதில், இன்னொரு ஆதாரம் கேட்கிறார்கள். நீமியா விரலைச் சொடுக்கிக்கொண்டு தேடுபொறியின் முன் உட்காருகிறாள். எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது தோன்றினால் நீங்களே எழுதுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:

தீர்மானத்தின் அச்சுப்படியை மனுவோடு மடித்தேன். நீமியா கையெழுத்திட்டு, உறையின் ஓரத்தை நாக்கால் ஈரப்படுத்தி, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினாள். மணி பதினொன்று. கிரிஸ்பின், நகராட்சி வழியாகப் போகும் தன் பஸ்ஸில் ஏறினார்.

“வழியில எங்கயும் நின்னு பேசாதீங்கண்ணே.”

“நிக்கறதா? எறங்கறவங்க இன்னிக்கு ஓடிக்கிட்டே எறங்கட்டும்!”

உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வண்டியை எடுத்தார்.