ராணி எண்ணுகிறாள்

அந்த நாவலில் ராணி வாயே திறக்கமாட்டாள். நான்கு பாகம். போர், பூதம், பறக்கும் பாம்பு எல்லாம் வந்து போகும். அவள் மட்டும் மௌன விரதம். கடைசிப் பக்கத்தில் செத்துக் கிடக்கும் தன் படையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அப்போதும் ஒரு வார்த்தை வராது. படித்தவர்கள் யாரும் அந்தப் பக்கத்தை மறக்கமாட்டார்கள். அதைப் படமாக எடுத்த எங்கள் இயக்குநர் மறக்க வழியே இல்லை. படித்திருந்தால்தானே மறக்க!

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பிரம்மாண்டம். காபி கேட்டால்கூட "பிரம்மாண்டமா ஒரு காபி" என்று கேட்கிற ஜென்மம்.

நான் டப்பிங் பேசுகிறவள். நடிகை வாயசைப்பாள், நான் பேசுவேன், கைதட்டல் அவளுக்குப் போகும். இத்தனை வருஷத்தில் ஒரு படத்திலும் என் பேர் வந்ததில்லை. இதில் வரும் என்று பிரம்மாண்டம் சத்தியம் செய்திருந்தார். அதை நம்பி என் மகள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள். "உங்கம்மா சினிமால பேசறாங்கன்னு சும்மா கதை விடறே" என்று சிநேகிதிகள் கேலி செய்ததில் அவளுக்கு அவ்வளவு ரோஷம். அவளுக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கண்ணாடி அறைக்குள் போய் நின்றேன்.

கடைசிக் காட்சி திரையில் ஓடியது. பிணக்காட்டில் ராணி அழுகிறாள். உதடு நிற்காமல் அசைகிறது.

"இவங்க என்ன சார் பேசறாங்க?" என்று மைக்கில் கேட்டேன். வெளியே சவுண்டு இஞ்சினியர் மோட்டுவளையைப் பார்த்தார்.

"அன்னிக்கு வசனம் ரெடியாகலைம்மா," என்றார் பிரம்மாண்டம், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணச் சொல்லிட்டேன். உதடு அசைஞ்சாப் போதும், டப்பிங்ல பாத்துக்கலாம்னு. அம்பது வரைக்கும் அழுதுக்கிட்டே எண்ணியிருக்காங்க. என்னா நடிப்பு!"

பிறகு அவர் கொடுத்த வசனத்தைப் பேசிப் பார்த்தேன். "என் மண்ணின் மைந்தர்களே, எழுந்து வாருங்கள்!" என்று ஆரம்பம். நான் 'மைந்தர்களே' என்று உதட்டை மூடினால் திரையில் ராணி பப்பரப்பே என்று வாயைத் திறந்திருக்கிறாள். நான் முடித்த பிறகும் அவள் பாட்டுக்கு மென்றுகொண்டிருக்கிறாள். வேகமாகப் பேசினேன், இழுத்துப் பேசினேன். தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

"சார், நாவல்ல அவ பேசவே மாட்டா. அதுதான் சார் அந்தக் கதையே."

"அதான்மா அந்த நாவல்ல உள்ள குறை. அதைத்தான் நான் சரி பண்ணியிருக்கேன்."

எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. ஒரு மேதை எழுதியதை இந்த மண்டூகம் சரி பண்ணுகிறதாம்! இருடா உனக்கு, என்று "இன்னொரு டேக் போடுங்க" என்றேன். ராணி என்ன சொன்னாளோ அதையே சொன்னேன். ஒன்று, இரண்டு, மூன்று. அவமானப்படட்டும் என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் தொழில் பாருங்கள், பாதி தூரத்தில் என் குரலே உடைந்து அழுகை வந்துவிட்டது. உதடு இம்மி பிசகவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார் பிரம்மாண்டம். கண்ணெல்லாம் கண்ணீர்.

"பொணத்தை எண்ணறா! செத்த பிள்ளைங்களை ஒவ்வொண்ணா எண்ணறாம்மா! நாவல் எழுதினவருக்கே தோணாதது எனக்குத் தோணிருக்கு பாருங்க!"

தூ. வேறென்ன சொல்ல?

"என் பேரு சார்?" என்றேன்.

"டைட்டில்ல உங்க பேருக்குத் தனிக் கார்டும்மா. பிரம்மாண்டமா!"

படம் வெளியான அன்று மகளோடும் அவள் சிநேகிதிகள் மூன்று பேரோடும் போனேன். ராணி எண்ண ஆரம்பித்ததும் கொட்டகையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. முன்வரிசைக்காரர் மூக்கை உறிஞ்சினார். மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். படம் முடிந்து பெயர்கள் ஓடின. அவள் செல்போனைத் தயாராகப் பிடித்திருந்தாள். சமையல்காரர் வந்தார், டிரைவர்கள் வந்தார்கள். திரை இருண்டது. என் பேர் வரவில்லை.

வாசலுக்கு வந்ததும் பிரம்மாண்டத்துக்குப் போன் போட்டேன்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. ராணியா நடிச்சவங்க பேட்டி குடுத்துட்டாங்க, அந்தக் காட்சியில ஒவ்வொரு வார்த்தையும் நானே செட்டுல பேசினது, வேணும்னா உதட்டைப் பாருங்கன்னு. நீங்க நான் குடுத்த வசனத்தைப் பேசியிருந்தா நானே உங்களுக்காகச் சண்டை போட்டிருப்பேன். நீங்கதான் அவங்க சொன்னதையே சொல்லிட்டீங்களே!"

நாசமாய்ப் போக! எவனைக் குத்த எண்ணினேனோ அவன் விருது வாங்கப்போகிறான், என் கத்தி எனக்கே.

"அம்மா, குதிரைக்குக் கனைச்சவர் பேர்கூட வந்துச்சே," என்றாள் மகள். முகம் சிவந்திருந்தது. சிநேகிதிகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். "அந்தக் குரல் உன்னோடதுதானே? இப்ப இங்கயே பேசிக் காட்டும்மா."

காட்டினேன். வண்டிகள் நிறுத்துமிடத்தில், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, ஒன்றிலிருந்து எண்ணினேன். படத்தில் பேசியதைவிட நன்றாகவே பேசினேன். பத்தைத் தாண்டுவதற்குள் சிநேகிதிகள் வாயைப் பிளந்தார்கள். மகள் தலை நிமிர்ந்தாள்.

அவர்களில் ஒருத்தி குதித்துக் கைதட்டினாள்.

"ஐயோ, சூப்பர்! உங்கம்மா அந்த ராணி குரலை அப்படியே மிமிக்ரி பண்றாங்கடி!"