மூன்றாம் நாள் நெல்

பாடையின் மூன்றாவது குறுக்குக் கழியை அப்பாதுரை கட்டிக்கொண்டிருந்தபோது மானேஜர் சின்னசாமி வந்து பக்கத்தில் குந்தினார். பச்சை மூங்கில் வழுக்கும். அதனால் கயிற்றை இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றி, கழியை ஒருமுறை முறுக்கி முடிச்சுப் போட வேண்டும். இன்னும் சற்று நேரத்தில் எரியப்போகிற பொருள்தான் என்றாலும் அவன் சரியாகச் சுற்றினான்.

"இன்னும் எவ்ளோ நேரம்பா ஆவும்?"

"மேளக்காரன் வரணும் சார்."

"மேளம் வழியில சேர்ந்துக்கட்டும். பத்து மணிக்குள்ள எடுத்துடுங்க. தொட்டிய நெனச்சுப் பாரு."

அப்பாதுரை அதைத்தான் விடிந்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தான். வேங்கிக்கால் பக்கம் வேலூர் ரோட்டை ஒட்டிய அந்த அரிசி மில்லில் ஆறு சிமெண்ட் தொட்டிகள். நெல்லைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மூன்றாம் நாள் தண்ணீரை வடித்துவிட்டு, பாய்லரிலிருந்து வரும் நீராவியில் அவிக்க வேண்டும். முன்னாடியே அவித்தால் அரிசியின் நடுவில் வெள்ளை நிற்கும். தாமதித்தால் நெல் புளித்து நாறும், அரிசி கறுத்துவிடும். திங்கட்கிழமை மாலை ஆறு தொட்டியிலும் நெல் போட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலை, அதற்கு முன் ஊறியிருந்த நெல்லை அவித்துக்கொண்டிருந்தபோது, பாய்லர் அறையில் நீராவிக் குழாய் இணைப்பில் பிய்த்துக்கொண்டு அவன் அண்ணன் ஆதிமூலத்தின் மேல் அடித்தது. அந்த நிமிஷமே மில்லில் எல்லாரும் வேலையை நிறுத்தினார்கள். இன்று வியாழன், நெல் போட்ட மாலையை விட்டு எண்ணினால் மூன்றாம் நாள். விடிகாலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவந்திருந்தார்கள்.

பாய்லர் மூட்டத் தெரிந்தவர்கள் மில்லில் இரண்டே பேர். ஒருவர் வீட்டுக்குள் வாழையிலையின் மேல் கிடந்தார். இன்னொருவன் அப்பாதுரை. ஆனால் தெருவில் பிணம் கிடக்கும்வரை அந்தத் தெருவில் யாரும் அடுப்பு மூட்ட மாட்டார்கள். பாய்லர் அறையும் இதே தெருவின் கோடியில்தான் இருந்தது. முப்பது வீட்டு அடுப்புகளோடு அதுவும் குளிர்ந்து கிடந்தது.

"எடுத்து முடிச்சதும் குளிச்சிட்டு நேரா பாய்லருக்கு வந்துடு" என்றார் சின்னசாமி. "ஒங்கண்ணன் எடம் இனிமே ஒனக்குத்தான்னு மொதலாளி சொல்லச் சொன்னாரு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆஸ்பத்திரில சொன்னத மாத்திக் கீத்திப் பேசிடாத. மாட்டப்போறது நீதான்."

கயிறு அவன் கையில் அப்படியே நின்றது.

செவ்வாய்க்கிழமை மில் லாரியில் அண்ணனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த இதே சின்னசாமி சொன்னார்: பாய்லர் என்று சொன்னால் முதலில் போலீஸ் வர வேண்டும், அதற்கப்புறம்தான் டாக்டர் தொடுவார்; வீட்டில் வெந்நீர் அண்டா சாய்ந்துவிட்டது என்று சொல்; அண்ணன் பிழைக்கணுமா இல்லையா? அப்பாதுரை அதை நம்பினான். ஆஸ்பத்திரியில் கேட்டபோது அப்படியே சொன்னான். அப்படியே எழுதிக்கொண்டார்கள். போலீஸ் வருவதற்கு முன்பே எந்தக் காயத்துக்கும் மருந்து போடுவார்கள் என்பதை அடுத்த கட்டிலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். அதற்குள் காலம் கடந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

சங்கத் தலைவன் காசி சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தான். மில்லில் மூட்டை தூக்குகிறவன். சின்னசாமி எழுந்துகொண்டார்.

"சாவு வூட்லயும் கொடி புடிக்க வந்துட்டியா காசி?"

"உயிரோட இருந்தப்ப கேட்டோமே சார், காதுல வாங்குனீங்களா? எழுபத்தஞ்சாம் வருசத்துலேர்ந்து அதே கூலி. பாய்லர் மூடியில கூடுதலா தொங்கவுட்ட அந்த எடைக் குண்டக் கழட்டுங்கன்னு ஒரு மாசமா தொண்டை கிழியக் கத்தினோம். அதுக்கு கேட்ல போலீச நிக்க வெச்சீங்க."

"குழாய் பழசு. யாரு இன்னா பண்றது?"

"அத வேலூர்லேர்ந்து வர்ற பாய்லர் இன்ஸ்பெக்டரு சொல்லட்டும்."

சின்னசாமி சிரித்தார். "வரட்டுமே. மில்லுல விபத்தே நடக்கலியே! ஆஸ்பத்திரி காயிதத்தப் பாரு போ."

அவர் மில் பக்கம் போனதும் காசி அப்பாதுரையின் பக்கத்தில் உட்கார்ந்தான். "பாத்தேன்பா. வூட்ல வெந்நி கொட்டுச்சுன்னு எழுதிக்கீது. எந்த நாயி போய் அப்படிச் சொல்லிச்சோ. இது இப்படியே சுடுகாடு போயிடுச்சுன்னா, நாம வேலைய நிறுத்துனதே தப்புன்னு ஆயிடும். இப்ப கழட்டி ஒளிச்சு வெச்ச அந்தக் குண்ட நாளைக்கே மறுபடி மாட்டுவானுங்க. அதுக்குக் கீழ நிக்கப்போறது யாரு? நீ."

அப்பாதுரை நான்காவது கழியை எடுத்தான். முடிச்சு விழவில்லை. அவிழ்த்து மறுபடி சுற்றினான்.

"கொள்ளி வெக்கறவன் உள்ள வாப்பா!" என்று யாரோ கூப்பிட்டார்கள். ஆதிமூலத்துக்கு இரண்டும் பெண் குழந்தைகள். எடு என்று சொல்ல வேண்டியவன் அவன்தான்.

உள்ளே உடலைக் குளிப்பாட்டவில்லை. தண்ணீர் பட்டால் தோல் கையோடு வந்துவிடும். வெந்துபோகாத பாதங்களை மட்டும் அண்ணி வள்ளி ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். விரல் இடுக்குகளில் இன்னும் உமிச் சாம்பல் இருந்தது. ஒவ்வொன்றாக விலக்கித் துடைத்தாள். காசி வாசற்படியிலேயே நின்றான்.

"தம்பி" என்றாள் நிமிராமல். "கழுத்துலேர்ந்து முட்டி வரைக்கும் வெந்துக்கீது. நம்ம வூட்ல இருக்கறது ஒரு கொடம், ஒரு குண்டான். இம்மாம் தண்ணி புடிக்கற அண்டாவ எவன் வூட்லேர்ந்து கொண்டாந்தாங்களாம்?"

சின்னப் பெண்ணுக்குப் பசி. அழுது ஓய்ந்து விக்கிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் அண்ணி சொன்னேன்" என்றான் அப்பாதுரை.

துணி நின்றது.

"போலீஸ் வந்தாத்தான் வைத்தியம் பாப்பாங்கன்னு மானேஜர் சொன்னாரு. சீக்கிரம் பாக்கட்டும்னு சொல்லிட்டேன்."

"அடப் பாவி..." என்று ஆரம்பித்த காசி, வள்ளியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவள் துணியைச் செம்பில் நனைத்துப் பிழிந்தாள். இன்னொரு பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப மாத்திச் சொன்னா எழுதுவாங்களா?" என்று காசியைக் கேட்டாள்.

"எழுதுவாங்க. கேட்டாண்ட ஏட்டு இருக்காரு. ஆனா..." காசி தயங்கினான். "விபத்துன்னு எழுதினா மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டும்போய் அறுப்பாங்க அண்ணி. அதான் சட்டம்."

பெண்கள் ஓவென்று கத்தினார்கள். "வெந்து செத்த மனுசன அறுக்க வேற வுடுவியாடி?" என்று மில்லின் நெல் காயும் களத்தில் வேலை செய்யும் சரோஜா அவள் தோளை உலுக்கினாள். "வோணாம்டி வள்ளி. முழுசா போவட்டும்."

வள்ளி சுண்டு விரலைத் துடைத்து முடித்தாள்.

"அறுத்தா அவருக்கு இனிமே வலிக்கவா போவுது?" என்றாள். பிறகு அப்பாதுரையைப் பார்த்தாள். காலையிலிருந்து அதுதான் முதல் முறை. "போய்ச் சொல்லு."

மில் கேட்டுக்கு வெளியே பெஞ்சில் ஏட்டு உட்கார்ந்திருந்தார். அப்பாதுரை நடந்ததைச் சொன்னதும் சின்னசாமி ஓடி வந்தார். "துக்கத்துல ஒளர்றான் ஏட்டய்யா."

"நீங்க சும்மா இருங்க. ஏம்பா, அப்பச் சொன்னது பொய்யா, இப்பச் சொல்றது பொய்யா?"

"அப்பச் சொன்னது."

"ஒம்மேலயும் கேஸ் வரும், தெரியும்ல?"

"தெரியுங்க. எழுதுங்க."

ஏட்டுக்குக் குண்டு விஷயம் புரியவில்லை. அப்பாதுரை குந்தி, குச்சியால் மண்ணில் கோடு போட்டான். பாய்லர் தலையில் ஒரு மூடி. மூடியை அழுத்திக்கொண்டு ஒரு நீளக் கம்பி. கம்பியின் முனையில் ஒரு குண்டு. நீராவி அளவு மீறினால் மூடியைத் தள்ளிக்கொண்டு தானே வெளியேறிவிடும். இன்ஸ்பெக்டர் அளந்து வைத்துவிட்டுப் போன குண்டு ஒன்றுதான். அதோடு இன்னொரு குண்டைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டால் மூடி எழும்பாது, நீராவி ஜாஸ்தியாகும், நெல் சீக்கிரம் அவியும். போக வழி இல்லாத நீராவி, எங்கே பலம் கம்மியோ அங்கே பிய்க்கும்.

"அந்த எடத்துல எங்கண்ணன் நின்னாரு" என்றான், குச்சியை அங்கே ஊன்றி.

ஏட்டு படத்தைப் பார்த்தார். சின்னசாமியைப் பார்த்தார். காகிதத்தைத் தொடையில் வைத்து எழுத ஆரம்பித்தார். அதற்குள் தொட்டிப் பக்கமிருந்து புளித்த வாடை வரத் தொடங்கியிருந்தது.

மூட்டை ஏற்றும் கைவண்டியில் பாய் விரித்து ஆதிமூலத்தைக் கிடத்தினார்கள். ஏட்டு முன்னால் நடந்தார். அப்பாதுரை நுகத்தடிக்குள் நுழைந்து இழுத்தான். காசியும் மற்ற ஆண்களும் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் வந்தார்கள்.

தெருமுனை வந்தது. சாவில் பெண்கள் அந்த இடத்தோடு நின்று, திரும்பிப் போய்த் தலை முழுக வேண்டும். அழுகைச் சத்தம் அங்கே நின்றது. வண்டி வேலூர் ரோட்டில் ஏறி, மில்லின் பெரிய கேட் இருக்கும் பக்கமாக, ஆஸ்பத்திரி திசையில் திரும்பியது.

"நில்லுடி, எங்க போற?" என்று சரோஜாவின் குரல்.

"சுடுகாட்டுக்கா போறாரு?" என்றாள் வள்ளி. "ஆஸ்பத்திரிக்குத்தானே."

பின்னால் காலடிகள் கேட்டன. ஒன்று, நான்கைந்து, அப்புறம் எண்ண முடியவில்லை. களத்தில் ஈர நெல்லை வரிசையாகக் காலால் தள்ளிக்கொண்டு போகும்போது வருமே, அதே சீரான உரசல், இப்போது தார் ரோட்டின் மேல்.

அப்பாதுரை திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் வந்து சேரட்டும் என்று வண்டியை மெதுவாக இழுத்தான்.