ஏழாவது பத்தியில் ஒரு ‘நம்’

கேட்டதையெல்லாம் கேட்டவுடன் கொடுக்கும் மனிதரை எப்படி நம்புவது? வீடு எனக்கு வேண்டும் என்றேன், சரி என்றார். பீரோ, ஜன்னலோர மேசை, தையல் மெஷின் எல்லாவற்றையும் நீயே வைத்துக்கொள் என்று அவராகவே சொன்னார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்தது.

பாடப் புத்தகங்கள் அச்சாகும் அச்சகம் ஒன்றில் நான் பிழை திருத்துகிறேன். அங்கே எனக்குப் பெயர் பூதக்கண்ணாடி. என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பதினான்கு வருடக் கல்யாணம். குறுக்கே யாரும் வரவில்லை, அடிதடியும் கிடையாது. நான் கேள்வி கேட்பேன், அவர் பதில் சொல்ல மாட்டார். பதில் வராததால் நான் சந்தேகப்படுவேன், நான் சந்தேகப்படுவதால் அவர் இன்னும் இறுக்கமாக வாயை மூடிக்கொள்வார். இப்படியே விவாகரத்து வரைக்கும் வந்துவிட்டோம். பிள்ளை இல்லை. பிரிக்க வேண்டியது மூன்றாவது மாடியில் இருக்கும் இரண்டு அறை வீடு ஒன்றுதான். எனக்கு வேறு போக்கிடம் கிடையாது. அந்த வீடு ஒரு வில்லங்கமும் இல்லாமல் என் பெயருக்கு வந்தாக வேண்டும்.

வக்கீலம்மா எங்கள் இருவருக்கும் பொதுவானவர். “உங்களுக்கு என்ன வேணும், எதை விட்டுத் தருவீங்கன்னு ஆளுக்கொரு தாள்ல எழுதிக் கொடுங்க. சேர்த்து ஒப்பந்தமாக்கிடறேன்” என்றார். எழுதிக் கொடுத்தோம். ஒருவர் தாளின் நகலை மற்றவருக்கும் கொடுத்தார். என் கணவருடைய தாளில் ஆறே வரிகள். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கூடப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

உறுத்தியது ஒன்றுதான். வீட்டின் இரண்டாவது சாவி அவரிடம் இருந்தது. நகல் கொடுத்த பிறகு, அதைக் கொண்டுவரும்படி வக்கீலம்மா இரண்டு முறை சொல்லியும் இரண்டு முறையும் “மறந்துட்டேன்” என்றார். எந்தக் கட்டடத்து லிஃப்டில் எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்பதைக்கூட மறக்காத மனிதர், சாவியை மறந்தாராம்! யார் காதில் பூச்சுற்றுகிறார்? பின்னால் அவருடைய அக்கா இருப்பார் என்று நினைத்தேன். என் நாத்தனாருக்கு ஒரு வார்த்தை கிடைத்தால் போதும், ஒரு வருடம் சண்டை போடுவார்.

ஒப்பந்தம் தட்டச்சாகி வந்த அன்று, சாப்பாட்டு இடைவேளையில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் வரிக்கு வரி படித்தேன். ஏழாவது பத்தியில் மாட்டியது.

‘நம் வீட்டுச் சாவிகள் இரண்டும் மனைவியிடம் இருக்கும்.’

மற்ற எல்லா இடங்களிலும் ‘மேற்படி வீடு’. இங்கே மட்டும் ‘நம் வீடு’. ‘எங்கள்’ என்றிருந்தாலாவது, படிக்கப்போகும் நீதிபதியிடம் சொன்னது என்று விட்டுவிடலாம். ‘நம்’ என்றால் அவரும் நானும் சேர்ந்ததுதானே? சாவியை என் கையில் கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டு, வீட்டில் பங்கு இருப்பதாக என்னிடமே கையெழுத்து வாங்கப் பார்க்கிறார்! நாளைக்கு நாத்தனார் இந்தத் தாளை ஆட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். உடனே வக்கீலம்மாவுக்குப் போன் செய்து, எங்கள் இரண்டு பேரையும் கூப்பிடச் சொன்னேன்.

வக்கீலம்மாவின் அறை ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. கீழே மெஷின் ஓடினால் மேசை லேசாக அதிரும். எங்களுக்கான இரண்டு நாற்காலிகளில் ஒன்றுக்குக் கால் ஆடும். வழக்கம்போல் என் கணவர் அதில் போய் உட்கார்ந்தார். அதுவும் நடிப்புதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சிவப்பு மையில் வட்டம் போட்ட பக்கத்தை நீட்டினேன். “இந்த வார்த்தையை உள்ள நுழைச்சது யாரு?”

வக்கீலம்மா பார்த்துவிட்டு, “உங்க ரெண்டு பேர் தாள்ல இருந்ததைத்தான் சேர்த்தோம்” என்றார்.

“இவரோட ஆறு வரியில இது இல்லை. அப்ப அப்புறமா வந்து சேர்க்கச் சொன்னது இவர்தான். நான் இப்படி எழுதவே மாட்டேன். இனிமே எங்களுக்குள்ள ‘நம்ம’ன்னு எதுவுமே கிடையாது.” அவர் பக்கம் திரும்பினேன். “சொல்லுங்க, உங்க அக்கா சொல்லிக் கொடுத்தாங்களா?”

அவர் என்னையே பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“பாத்தீங்களா? மாட்டிக்கிட்டதும் சாவி தானா வருது” என்றேன்.

வக்கீலம்மா கோப்பைத் திறந்து, ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். ‘நம் வீட்டுச் சாவிகள் இரண்டும் என்னிடம் இருக்க வேண்டும்.’ என் கையெழுத்து. புள்ளிக்குப் பதிலாகக் குட்டி வட்டம் போடுவது என் பழக்கம். ‘நம்’ மேல் அந்த வட்டம் இருந்தது. தட்டச்சு செய்தவர் கடைசிச் சொற்களை மட்டும் மாற்றியிருந்தார். அடுத்தவர் பிழையைப் பிடித்தே சம்பளம் வாங்குகிறவள் நான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

“நீங்க இதைப் பாக்கலையா சார்?” என்று வக்கீலம்மா அவரிடம் கேட்டார்.

“நகல் கொடுத்த அன்னைக்கே பாத்தேன். இவ தப்பு விடமாட்டா. தெரிஞ்சுதான் எழுதியிருக்கான்னு நினைச்சேன். அக்காதான் ‘இதுல ஏதோ உள்குத்து இருக்கு, கையெழுத்து போடாதே’ன்னு சொன்னாங்க. எனக்கு அப்படித் தோணல.”

வேறென்ன தோன்றியது என்று அவர் சொல்லவில்லை.

“சரிம்மா, என்ன பண்ணலாம்? அடிச்சிடலாமா?” என்றார் வக்கீலம்மா.

எனக்கு வீடு வேண்டும். பேனாவை எடுத்து அடித்தேன். ஒரு சொல்லை நீக்கினால், மிச்ச வாக்கியம் சரியாக இருக்கிறதா என்று படித்துப் பார்ப்பது எங்கள் தொழில் வழக்கம். படித்தேன். ‘வீட்டுச் சாவிகள் இரண்டும் மனைவியிடம் இருக்கும்.’ ஒரு குறையும் இல்லை. மறுபடி ஒரு தடவை படித்தேன். ஓரத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

படியிறங்கும்போது என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. “மறந்துட்டேன்னு சொன்ன ரெண்டு தடவையும் சாவி பையிலதான் இருந்துச்சா?”

“ஆமா.”

“அப்ப இன்னைக்கு மட்டும் ஏன் எடுத்து வச்சீங்க?”

“நீதான் ‘நம்’னு எழுதவே மாட்டேன்னு சொல்லிட்டியே.”

பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக, கேட்டவுடன் பதில் சொன்னார். எனக்குத்தான் அடுத்த கேள்வி வரவில்லை.