புகையிலையை விட்ட ஊரில் ஒரு வாய்ப்புண்

1

இந்தக் கதை ஒரு வரவேற்பு வளைவிலிருந்து வந்தது. மண்டபத்துக்கும் பெரியபட்டினத்துக்கும் இடையிலுள்ள ஒரு கடற்கரை ஊரின் எல்லையில், 1961-இல் அதைப் பார்த்தேன்: ‘புகையிலையை விட்டொழித்த முதல் கிராமம்.’ வளைவைக் கட்டிக்கொண்டிருந்தவர் வாயில் பீடி இருந்தது. (மலிவான நகைச்சுவை. அடுத்த பிரதியில் நீக்கிவிடுவேன்.)

‘அலைகள் ஓயாமல் கரையை வந்து...’

வேண்டாம். கடற்கரைக் கதை அலையில்தான் தொடங்க வேண்டும் என்று சட்டமில்லை.

2

சுகாதார இன்ஸ்பெக்டர் சோணைமுத்து பரமக்குடிக்காரர். அவரைக் கெட்டவராக எழுதத்தான் நினைத்தேன், மனிதர் ஒத்துழைக்கவில்லை. வெயிலில் நின்று சுவரொட்டி ஒட்டினார். பள்ளிவாசல் முன்பும் மாதா கோவில் முன்பும் தொண்டை கட்டும்வரை பேசினார். இரண்டு வாரம் கழித்து வந்து பார்த்தால், தெருவில் ஒரு பீடிகூடப் புகையவில்லை. சீனி முகம்மதுவின் கடையில் புகையிலைக் கட்டு பிரிக்காமலே கிடந்தது.

கடைக்காரர் ஒளிக்காமல் சொன்னார்: “இது நோன்பு மாசம் சார். எங்காளுக பகல்ல தொடமாட்டாக. அங்கிட்டு கிறிஸ்தவ ஆளுகளுக்குத் தபசு காலம், பாஸ்கு, அதான் ஈஸ்டர், வரைக்கும் புகையிலைய ஆண்டவருக்காக விட்டிருக்காக. ரெண்டும் இந்த வருசம் ஒண்ணா வந்திருச்சு.”

[மாலையில் நோன்பு திறந்ததும் தெருவெல்லாம் பீடி பற்றும். அதற்குள் இன்ஸ்பெக்டரின் கடைசி பஸ் போயிருக்கும்.]

காரணம் எதுவானால் என்ன, குறைந்தது குறைந்ததுதானே என்றார் சோணைமுத்து. மேலதிகாரிகளும் அப்படியே நினைத்தார்கள். வளைவு வந்தது.

3

இங்கேயே முடித்திருந்தால் நீங்கள் சிரித்துவிட்டுப் போயிருப்பீர்கள். மிக்கேலம்மாள் விடவில்லை. கருவாடு காயப்போடுகிறவர். கன்னத்தின் உட்புறம், புகையிலை அதக்கும் இடத்தில், அவருக்கு மாதக்கணக்கில் ஆறாத புண். பாஸ்குவுக்கு முன் வருவதாக இருந்த வாய்ப் பரிசோதனை முகாமை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகாம் வேறு ஊருக்குப் போய்விட்டது.

“முகாம் புகையிலை போடுற ஊருக்குத்தாம்மா வரும்,” என்றார் சோணைமுத்து.

“பாஸ்கு கழிஞ்சா நாங்க போடத்தானே போறோம்?”

“அப்பிடிச் சொல்லாதம்மா. வளைவு வச்சாச்சு.”

“ஆண்டவருக்காக விட்டது பாஸ்கு வரைக்கும்தான் சார். எனக்காக விடணும்னா ஒரு டாக்டரு பாத்துச் சொல்ல வேணாமா?”

அதற்குச் சோணைமுத்து, தம் தொப்பியைக் கழற்றி...

[இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. அவராலும் முடியவில்லை.]

4

ஒரு முடிவு: மிக்கேலம்மாள் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகிறார். கூட வர ஆளில்லாதவர், ராமநாதபுரத்தைத் தாண்டாதவர். நம்பமாட்டீர்கள்.

இன்னொன்று: அதிகாரிகள் தவறை உணர்ந்து முகாமைத் திருப்பி அனுப்புகிறார்கள். இதை நானே நம்பவில்லை.

மிச்சம் இருப்பது இது. பாஸ்குப் பூசை முடிந்து மிக்கேலம்மாள் நேராகச் சீனி முகம்மதுவின் கடைக்கு வருகிறார். கையை நீட்டுகிறார்.

“புண்ணு ஆறிருச்சா தங்கச்சி?”

“ஆறலண்ணே.”

சீனி முகம்மது புகையிலையை எடுத்துவிட்டார், இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டால் அடுத்த கடை இருக்கிறது. இருவருக்கும் தெரியும்.

கொடுத்ததாகவும் எழுதிப் பார்த்தேன், மறுத்ததாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அந்தப் புண்ணை யாரும் பார்க்கவில்லை. ஆகவே இருவரையும் கடையிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். வாசகரே, நீங்கள் முடிவு சொல்ல வேண்டாம். தெரிந்த டாக்டர் யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள். கொஞ்சம் சீக்கிரம், நீட்டிய கையை ஒரு மனுஷி எவ்வளவு நேரம்தான் அப்படியே வைத்திருப்பாள்?