முந்தி வந்தவர் நிற்கக் கூடாது

சம்பந்தியம்மா வரமாட்டார், வருவதற்கு இனி என்ன இருக்கிறது, நேற்றோடுதான் எல்லாம் முடிந்துபோயிற்றே, என்று நினைத்துக்கொண்டே ஷூ கயிற்றை இழுத்துக் கட்டினாள், கட்டியதை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள்... கோர்ட்டில் மகளும் மருமகனும் ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டார்கள், பேனாவைக்கூட மரியாதையாகத்தான் நீட்டிக்கொண்டார்கள், இரண்டும் தங்கமான பிள்ளைகள், ஒரு கூரைக்குக் கீழே மட்டும் ஒத்துவரவில்லை, யாரைக் குற்றம் சொல்ல. எதிர் பெஞ்சில் சம்பந்தியம்மா. முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் இவள் தரையைப் பார்த்தாள், தரையில் தெரிந்ததோ அந்தம்மாவின் நல்ல புடவைக்குக் கீழே நடைக்குப் போடுகிற அதே ஷூ, ஒரு பக்கமாகத் தேய்ந்த குதிகாலோடு. சிரிப்பு வந்தது, அதை அடக்குவதற்குள் அழுகை வந்துவிட்டது, வக்கீல் பாவம், மகளுக்காக அழுகிறாள் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். ஷூவைக் கட்டி முடித்து எழுந்து, கதவில் தொங்கிய பையைத் தோளில் மாட்டினாள், வழக்கத்தைவிடக் கனமாக இருந்ததுபோல் தோன்றியது, இன்றைக்கு எதுதான் கனமாக இல்லை. "என்ன மாரத்தான், தனியாவா?" என்றார் கணவர் போர்வைக்குள்ளிருந்து. "எப்பவும் தனியாத்தானே போறேன்" என்றாள். மகள் வீட்டோடு வந்துவிட்ட நாளிலிருந்து சொல்லிவரும் பொய், சொல்லிச் சொல்லி இப்போது வாய்க்குப் பழகிவிட்டது.

தெருமுனை மருந்துக் கடை வாசலில் யாரும் இல்லை. அவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு, முந்தி வந்தவர் நிற்கக் கூடாது, நின்றால் முழங்கால் இறுகிவிடும், மெதுவாகப் போய்க்கொண்டிருக்க வேண்டும், பிந்தி வருகிறவர் எட்டிப் பிடிக்க வேண்டும். சட்டம் போட்டது சம்பந்தியம்மாதான், சலவைக் கடை நடத்துகிறவர், நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டியோடு நின்று உரமேறிய கால். இவளோ மூக்குக் கண்ணாடிக் கடையில் ஸ்டூலை விட்டு எழாமல் லென்ஸைத் தீட்டித் தீட்டி உடம்பை மூட்டையாக்கிக்கொண்டவள். சர்க்கரை ஏறி, "நடக்கலேன்னா கால் விரல்ல ஆரம்பிக்கும்மா" என்று டாக்டர் மிரட்டினாரே, வீட்டில் ஆளாளுக்கு நட நட என்றார்கள், கூட நடக்கத்தான் ஒருத்தரையும் காணோம். கல்யாணம் முடிந்த புதிது, இரண்டு வீட்டுக்கும் பேச்சில் விறைப்பு போகாத காலம், ஒரு விடிகாலையில் இந்தம்மா வந்து கதவைத் தட்டினார். "வாங்க சம்பந்தி, அந்தத் தபால்பெட்டி வரைக்கும்தான்." தபால்பெட்டியை எட்டுவதற்குள் மூச்சு வாங்கி அதையே கட்டிக்கொண்டு நின்றாள், அந்த மனுஷி சிரிக்கவில்லை, "நாளைக்கு அடுத்த கம்பம்" என்றார், அவ்வளவுதான். கம்பம் கம்பமாகத் தெரு முடிந்து, ஊர் முடிந்து, வாய்க்கால் கரையும் முடிந்து, இப்போது பழைய ரயில் பாலம் வரைக்கும், போய்த் திரும்பினால் வெயில் ஏறிவிடும் தூரம். டாக்டரே மாத்திரையைக் குறைத்தார். பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன, படுக்கும்போது போர்வைக்குள் அசைத்துப் பார்த்துக்கொள்கிறாள், இதற்கெல்லாம் நன்றி என்று ஒரு வார்த்தை அந்தம்மாவிடம் சொன்னதுண்டா, இல்லை. பிள்ளைகள் பிரிந்து இரண்டு வீட்டுப் போக்குவரத்தும் நின்ற பிறகும் நடை நிற்கவில்லை, பிள்ளைகள் பேச்சை மட்டும் எடுப்பதில்லை, இந்த வயதில் வீட்டுக்குத் தெரியாமல் சந்திக்கிற காதலர்கள் மாதிரி.

வாய்க்கால் கரை வளைந்து வளைந்து போனது. எட்டிப் பிடிக்கட்டும் என்றுதான் இன்று இவ்வளவு மெதுவாக நடக்கிறாள், காதெல்லாம் பின்பக்கம், ஒரு சைக்கிள், ஒரு நாய், சரசரவென்ற அந்தக் குதிகால் சத்தம் மட்டும் இல்லை... வந்தாலும் இனி யார் என்று வருவார், மகளின் பழைய மாமியார் எனக்கு என்ன உறவு? அந்தக் கல்யாணமே நடந்திருக்கக் கூடாது என்கிறார்கள் சொந்தக்காரர்கள், மகளும் ஒருமுறை சொன்னாள், இவளால்தான் அப்படிச் சொல்ல முடியவில்லை. அது நடக்காவிட்டால் இந்தப் பாதை ஏது, இந்தக் கால் ஏது? பெற்ற பெண் அழுதுகொண்டு வந்த வீட்டிலிருந்து தாய் மட்டும் லாபத்தோடு வந்திருக்கிறாள், இதை எந்த முகத்தோடு அவளிடம் சொல்வது.

பாலத்துக் கல்லில் சம்பந்தியம்மா உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் பிளாஸ்க். "நான் முந்தி வந்துட்டேன்" என்றார் அவர், "வழி முழுக்க ஊர்ந்துக்கிட்டே வந்தேன், நீங்க வந்து பிடிக்கவே இல்ல. சரி, இனிமே வரமாட்டீங்கன்னு நெனைச்சுட்டேன்." "நானும் ஊர்ந்துக்கிட்டுத்தான் வந்தேன், நீங்க பின்னால வருவீங்கன்னு." இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "இனிமே உங்கள எப்படிக் கூப்பிடறதுன்னே தெரியலை" என்றாள். "உக்காருங்க சம்பந்தி, கால் வலிக்கும்" என்றார் அவர், அது என்றைக்கோ முடிவாகிவிட்ட விஷயம் என்பதுபோல. எப்போதும் பாதிப் பாதியாகத் தின்கிற ஆரஞ்சை எடுக்கப் பையில் கைவிட்டாள், ராத்திரி தான் போட்டது கையில் வந்தது, அதன் அடியில் இன்னொரு ஆரஞ்சு, ஒரு கைக்குட்டையில் சுற்றி. மகளின் கைக்குட்டை... தெரியுமா அவளுக்கு, எத்தனை நாளாகத் தெரியும்? சம்பந்தியம்மா அதை வாங்கிப் பார்த்தார், பிரிக்கவில்லை, முனைகளை உள்ளே தள்ளி மடித்திருந்த விதத்தை விரலால் தடவினார். "இது கடை மடிப்பு. நான்தான் சொல்லிக்கொடுத்தேன், சாயங்காலத்துல கடைக்கு வந்து பக்கத்துல நின்னு கத்துக்கிட்டா" என்றார். வீட்டில் துணியெல்லாம் இப்போது அப்படித்தான் மடிந்து வருகிறது, எங்கே கற்றாய் என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லையே, அந்த வீட்டிலிருந்து தனக்கு மட்டும்தான் ஏதோ கிடைத்தது என்று இத்தனை நாள் திருடிபோல் ஒளித்துக்கொண்டு திரிந்தாளே... மகள் அங்கே வேறு என்னென்ன விட்டுவிட்டு வந்தாளோ. அவர் திருப்பித் தந்ததும் சேர்ந்து ஆரஞ்சு இரண்டும் மடியில் இருந்தன, எதை முதலில் உரிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.