அஞ்சு மணிக்குத் திறக்கும் தட்டு

எனக்கு மூக்கு நுனியில் கோபம். மறைக்க என்ன இருக்கிறது, தெருவுக்கே தெரியும். அந்தக் கோபத்தில்தான் எட்டு மாதத்துக்கு முன் என் தம்பியிடம், "இனிமே எனக்கு போனே பண்ணாதே" என்று சொல்லிவிட்டேன்.

கால் வளைந்தவர்கள், ஒரு கால் குட்டையானவர்கள், இவர்களுக்கு அளவெடுத்துச் செருப்பு செய்யும் கடை எங்களுடையது. பதினோரு வருடத்து அளவுகளும் கால் படங்களும் மாடிப்படிக்குக் கீழே சர்வரில் இருந்தன. சர்வர் என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள். தம்பி சல்லிசாகப் பிடித்து வந்த பழைய கம்ப்யூட்டர். முன்பு நானே உட்கார்ந்து அதையெல்லாம் டிஸ்க்கில் காப்பி எடுப்பேன். நாலு நாள் எடுப்பேன், ரெண்டு நாள் மறந்துபோவேன். தம்பி அதைத் தானாக நடக்கும்படி செய்தான். அழித்து அழித்து எழுதக்கூடிய டிஸ்க் ஆறு வாங்கி, திங்கள் முதல் சனி வரை கிழமை எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டான். சாயங்காலம் அஞ்சு மணிக்கு எல்லாம் பதிவாகி, சரிபார்த்து முடிந்ததும் கம்ப்யூட்டரின் டிஸ்க் தட்டு தானாகத் திறக்கும். நான் அன்றைய டிஸ்க்கை எடுத்துவிட்டு மறுநாள் டிஸ்க்கை வைத்து மூடினால் போதும்.

"மெஷினை நம்பிக் கடையை விட முடியாதுடா" என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். "உன்னையும்தான்" என்று சேர்த்தேன். அவன் முகம் சுண்டிப்போனது. அடுத்த வாரமே வெளியூரில் வேலை தேடிக்கொண்டு கிளம்பிவிட்டான். அந்த ஆத்திரத்தில் சொன்னதுதான் போன் விஷயம்.

தட்டு மட்டும் தினமும் திறந்தது. நானும் முணுமுணுத்துக்கொண்டே மாற்றினேன். என் வீம்பு அவனோடுதான், தட்டோடு இல்லையே.

போன வெள்ளிக்கிழமை அது திறக்கவில்லை. சனிக்கிழமை காலையில் சர்வருக்கு உயிரே இல்லை. கடையில் தோல் வெட்டுகிற அண்ணன் கத்தியோடு வந்து, "யார் கால் அளவும்மா இன்னைக்கு?" என்று கேட்டார். பதினோரு வருடத்துக் கால்கள்! யாரை மறுபடி கூப்பிட்டு, எத்தனை பேரை நிற்கவைத்து அளப்பது?

கடைசியாகப் பதிவான வியாழக்கிழமை டிஸ்க்கை டப்பாவிலிருந்து எடுத்து, பில் போடும் கம்ப்யூட்டரில் போட்டேன். முதலில் கண்ணில் பட்டது 'அக்கா படிக்க' என்றொரு கடிதம்.

"அக்கா, கத்தாதே. கம்ப்யூட்டரையும் திட்டாதே. 'கால்கள்'னு இருக்கிறதை அப்படியே இதுல காப்பி பண்ணு. அதுல ஏதாவது ஒரு காலைத் திறந்து பாரு. தெரிஞ்சா தப்பிச்சே. தெரியலைன்னா எனக்கு போன் பண்ணு. தெரிஞ்சாலும் பண்ணு."

திறந்தேன். ஒரு டீச்சரம்மாவின் இடது கால், விரல் விரலாக வந்து நின்றது. எட்டு மாதமாக இந்தக் கடிதம் தினமும் என் கை வழியாகத்தான் டப்பாவுக்குப் போயிருக்கிறது. பாவி, நான் ஒருநாளாவது திறந்து பார்த்திருப்பேனா!

போன் போட்டேன். ஒரே மணியில் எடுத்தான்.

"அக்கா! தட்டு திறக்கலையா?"

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"நீ புது டிஸ்க் வச்சு மூடினா எனக்கு ஒரு மெயில் வரும். அஞ்சு பத்துக்குள்ள வந்துடும். வந்துட்டா, அக்கா நல்லா இருக்கா, கடைக்கு வந்திருக்கான்னு நெனச்சுப்பேன். நேத்து வரல. அப்போலேருந்து போனைக் கையிலேயே வச்சிட்டிருக்கேன்."

"கூப்பிட வேண்டியதுதானேடா, மடையா?"

"நீதானே பண்ணாதேன்னே."

அண்ணன் பார்க்கிறாரே என்றுகூட இல்லாமல் அழுதேன். "தப்புடா. உன்னைத்தான்டா நம்பியிருக்கேன்" என்றேன். அவன் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினான். பிறகு, பில் கம்ப்யூட்டரிலேயே அந்த ஏற்பாடு முழுவதையும் அங்கிருந்தபடியே செய்து கொடுத்தான்.

"ஞாயித்துக்கிழமை மெயில் வராதே, என்ன பண்ணுவே?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ண மாட்டேன். அன்னைக்கு மட்டும் பொழுது போகாது."

மறுநாள் ஞாயிறு, கடைக்கு விடுமுறை. சாயங்காலம் தனியாகப் போய்ப் பூட்டைத் திறந்தேன். புது டிஸ்க் ஒன்றில் 'ஞாயிறு' என்று எழுதி, தட்டில் வைத்து மூடினேன்.

ரெண்டு நிமிடத்தில் போன் அடித்தது. அவனேதான்.