பிசின் துடைத்த துணி

மின்கம்பியில் உரசுகிறது என்று வாசல் மரத்தின் பெரிய கிளையை வெட்டிவிட்டுப் போனார்கள். வெட்டினவன் வேலை முடிந்தது என்று போய்விட்டான். மரம் விடவில்லை. வெட்டுப்பட்ட இடத்திலிருந்து பிசின் ஒழுகி, கீழே நின்ற காரின் மேல் பொட்டுப் பொட்டாக விழுந்து இறுகியது. தரையில் விழுந்ததை நாய் மிதித்தது.

கார் மாப்பிள்ளையுடையது. வாடகைக்கு ஓட்டுகிறான். நாய் மகளுடையது. மகள் இப்போது இல்லை. போன வருஷம் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. நாய்க்குத் துரை என்று பெயர் வைத்தவள் அவள்தான். துரை மாதிரியே கால்மேல் கால் போட்டுப் படுக்கும் என்பாள்.

அவள் போனபின் அந்த வீட்டில் மிச்சம் இருந்தது மாமனாரும் மாப்பிள்ளையும். மாமனாரைத் தெருவில் எல்லோரும் பெயிண்டர் என்பார்கள். பட்டறையில் காருக்கு வர்ணம் அடித்தே வயசைக் கழித்தவர். வேலையை விட்டும் அந்த வாசனை அவரை விடவில்லை. இந்தக் கல்யாணத்தில் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே சம்மதம் கிடையாது. ஸ்டியரிங் பிடிக்கிறவன் எங்கே திரும்புவான் என்று யாருக்குத் தெரியும் என்பார். மகள் இருந்தவரை இரண்டு பேரும் அவள் வழியாகப் பேசிக்கொண்டார்கள். அவள் போனதும் நாய் வழியாக.

"துரை, உங்க தாத்தாவைச் சாப்பிடச் சொல்லு."

"துரை, பசிச்சா கேக்க எனக்கு வாய் இருக்குன்னு மாப்ளைகிட்டச் சொல்லு."

இப்படித்தான் ஓடியது. வீட்டு வாடகை கொடுப்பது மாப்பிள்ளை. மகளே இல்லாத வீட்டில் மாமனாருக்கு என்ன வேலை என்று ஒருநாள் கேட்டுவிட்டால் பெயிண்டரிடம் பதில் இல்லை. பகலெல்லாம் நாயைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்பது ஒன்றுதான் அவருக்கு அந்த வீட்டில் இருந்த பிடி. அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

அன்று காலையில் துரை நொண்டியது. விரல் இடுக்கில் பிசினும் மண்ணும் முடியும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தன. மாப்பிள்ளை போனைத் தட்டிப் பார்த்தான்.

"துரை, எண்ணெய் தடவி ஊற வச்சு, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவணுமாம். நான் வந்து பண்றேன். அதுவரைக்கும் யாரும் எதையும் நோண்ட வேண்டாம்."

யாரும் என்றால் யார்? வீட்டில் இருப்பதே ஒரு ஆள்.

"போன் சொல்லுதாம்!" என்றார் பெயிண்டர், நாயைப் பார்த்து. "போன் எந்தக் காலத்துலடா பிசினை மிதிச்சுது?"

மாப்பிள்ளை வேறொருவன் காரை ஓட்டப் போய்விட்டான். தன் கார் இந்தக் கோலத்தில் இருந்தால் எவன் ஏறுவான்? பெயிண்டர் கட்டிலுக்கு அடியிலிருந்து பெயிண்ட் கரைக்கிற டர்பன்டைன் பாட்டிலை எடுத்தார். வீட்டில் அப்படி ஒன்று இருப்பதே மாப்பிள்ளைக்குத் தெரியாது.

காரை அவர் துடைத்ததைக் குறை சொல்ல முடியாது. தின்னர் வேண்டாம், அது வர்ணத்தையே தின்றுவிடும். டர்பன்டைனைப் பழைய பனியன் துணியில் நனைத்து, பிசின் மேல் வைத்து, அது இளகும்வரை பொறுத்து, அழுத்தாமல் வழித்தார். வழித்த கையோடு சோப்புத் தண்ணீர். அது காய்வதற்குள் நல்ல தண்ணீர். வர்ணத்தின் மேல் டர்பன்டைன் தங்கவே கூடாது, தங்கினால் பளபளப்பு செத்துப்போகும். கார் கண்ணாடி மாதிரி ஆனது.

அதே துணியோடு நாயிடம் வந்தார். ஆயுசு முழுக்கத் தன் கையை அவர் டர்பன்டைனில்தான் கழுவியிருக்கிறார். கழுவிவிட்டு அப்படியே சோறு தின்றிருக்கிறார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நாய்க்கு மட்டும் என்ன வந்துவிடப் போகிறது?

துரை காலை இழுத்தது, முனகியது.

"கொஞ்சம் எரியும்டா. துரைக்குப் பொறுக்காதோ?"

நாலு காலிலும் பிசின் பெரும்பாலும் கழன்று வந்துவிட்டது. காரைக் கழுவின மனுஷன் நாயைக் கழுவவில்லை. காருக்குப் பளபளப்பு கெடும், நாய்க்கு என்ன கெடும் என்று நினைத்தார். துரை நிழலில் போய்ப் படுத்துக் காலை நக்கியது. நக்கிக்கொண்டே இருந்தது. சுத்தமான காலைப் பார்க்க அதற்கும் சந்தோஷம் என்று எண்ணிக்கொண்டு அவர் உள்ளே போய்ச் சாய்ந்தார்.

இருமல் சத்தத்தில்தான் எழுந்தார். நாயின் வாயில் எச்சில் நூலாக ஒழுகியது. எழுந்து நிற்கப் போய், பின்னங்கால் மடிந்து சரிந்தது. சாப்பிட வந்த மாப்பிள்ளை வாசலிலேயே அதைப் பார்த்துவிட்டான். காரைப் பார்க்கவில்லை. நாயைத் தூக்கி அதே காரில் போட்டான். பெயிண்டர் பின்சீட்டில் அதை மடியில் வைத்துக்கொண்டார். நாய் வழியாகப் பேச இப்போது வழியில்லை.

"பக்கத்துக் கடையில எலி மருந்து வச்சிருந்தாங்க மாமா. அதைத் தின்னுருச்சா? நீங்க பாக்கலையா?"

"தூங்கிட்டேன்" என்றார். அது பொய் இல்லை. பாதி உண்மை.

நாய் ஆஸ்பத்திரி ஒரு சின்ன அறை. பினாயில் நெடி. வாயை மூடித் துணி கட்டிய டாக்டர், சின்ன வயசுப் பெண். டாக்டர்கள் கேள்வி கேட்பதே பின்னால் பழி போட ஆள் பிடிக்கத்தான் என்பது பெயிண்டரின் எண்ணம். மகள் விஷயத்தில் இரண்டு பேரையும் நிற்க வைத்துக் கேட்ட கேள்விகள் இன்னும் அவர் காதில் இருந்தன.

மாப்பிள்ளை எலி மருந்தைச் சொன்னான். டாக்டர் குனிந்து முகர்ந்தாள்.

"என்னமோ பெயிண்ட் வாசனை அடிக்குதே?"

"அது மாமா மேல அடிக்கிறது டாக்டர். பெயிண்டர். எங்க வீடே அப்படித்தான்."

பெயிண்டர் வாயைத் திறக்கவில்லை. எலி மருந்தென்றே போகட்டும். வைத்தியம் பண்ணினால் எதுவானாலும் தீர்ந்துவிடாதா என்று மனசைச் சமாதானம் செய்தார்.

"இப்பத்தான் தின்னுச்சுன்னா வாந்தி எடுக்க வச்சிடலாம்." டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றினாள். "பெட்ரோல், டர்பன்டைன் மாதிரி எதுவும் இல்லையே? அப்படின்னா வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. மேல வரும்போது நுரையீரலுக்குள்ள இறங்கிரும். அப்புறம் காப்பாத்த முடியாது."

"அதெல்லாம் வீட்டுலயே இல்ல டாக்டர்" என்றான் மாப்பிள்ளை.

ஊசி நாயின் காலருகே வந்தது. துரை தலையைத் தூக்க முடியாமல் கண்ணை மட்டும் அவர் பக்கம் திருப்பியது. சொன்னால் வீடு போகும். சொல்லாவிட்டால் இது போகும். பெயிண்டர் தன் கையை நாயின் காலுக்குக் குறுக்கே வைத்தார்.

"போடாதேம்மா. டர்பன்டைன்தான். நான்தான் காலைத் துடைச்சேன். கழுவல. நக்கிருச்சு."

டாக்டர் ஊசியை அப்படியே கீழே வைத்தாள். திட்டவில்லை. எவ்வளவு, எப்போது என்று மட்டும் கேட்டாள். அதன்பின் வேலை வேகமாக நடந்தது. பாத்திரம் கழுவுகிற சோப்பை நுரைத்துத் திரும்பத் திரும்பக் காலைக் கழுவினார்கள். தோல் வெந்து சிவந்திருந்தது. நக்காமல் இருக்கக் கழுத்தில் புனல் மாதிரி ஒன்றை மாட்டி, மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள்.

"ஏற்கெனவே இருமுது. உள்ள எவ்வளவு போயிருக்குன்னு நாளைக்குத்தான் தெரியும்" என்றாள்.

வெளியே பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடம் காலியாக இருந்தது.

"உள்ள வந்ததுமே ஏன் சொல்லல?" மாப்பிள்ளை கேட்டான்.

"சொன்னா வெளிய போங்கம்பீங்க."

"அதைச் சொல்ற தைரியம் எனக்கு இருந்திருந்தா எப்பவோ சொல்லியிருப்பேன்." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அவ விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான் மாமா. எண்ணெய் போடறேன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?"

"சொன்னீங்க."

"என் பேச்சைக் கேக்கக் கூடாதுன்னே பண்ணினீங்க."

"ஆமா" என்றார்.

"வீட்டுல இருங்க. யாரும் போகச் சொல்லல. ஆனா இனிமே அதைத் தொடாதீங்க."

சாதாரணமாக அவர் ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் திருப்புகிற ஆள். "சரி" என்றார்.

துரை பிழைத்தது. மறுநாள் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை அதன் நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டினாள். அதற்கும் அடுத்த நாள் வீட்டுக்கு அனுப்பினாள். இருமல் மட்டும் சுலபத்தில் விடவில்லை.

பிசின் இன்னும் முடியில் ஆங்காங்கே இருந்தது. வேலைக்குப் போகுமுன் மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்து, வெந்த இடத்தில் படாமல் எண்ணெய் தடவி, ஊற வைத்து, விரலால் ஒவ்வொன்றாக உருவினான். வராததை மழுங்கல் கத்தரியால் வெட்டினான். மெதுவான வேலை. ஆனால் வந்தது. பெயிண்டர் கதவோரம் உட்கார்ந்து பார்த்தார். அவன் கத்தரியைப் பிடித்த விதம் சரியில்லை. சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டார்.

வேலை முடிந்ததும் துரை எழுந்தது. புனல் கதவு நிலையில் இடிக்க, நொண்டிக்கொண்டே அவரிடம் வந்து, அவர் முழங்காலில் முகத்தை முட்டியது. பெயிண்டர் இரண்டு கையையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டார். நாய் மறுபடி முட்டியது. அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை கையிலிருந்த எண்ணெயைத் துடைத்தபடி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"பக்கத்துல படுக்கட்டும் மாமா. கை மட்டும் வேண்டாம். இன்னும் எனக்கு மனசு வரல."

"சரி, வேண்டாம்" என்றார் பெயிண்டர்.

நாய் அவர் காலடியில் படுத்தது. கை அக்குளிலேயே இருந்தது.